குறி கட்டியில்தான், குடும்பத்தில் அல்ல

கடந்த நோன்புப் பெருநாள் கழிந்த இரண்டாம் கிழமை எங்கள் பெரியும்மாவின் இளைய மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தார்கள். பெரியும்மா மூன்று வருடங்களுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். அது தெரிந்தேதான் வந்தார்கள். ஆனபடியால் நல்ல மனிதர்கள் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம். தேநீர் குடித்து முடிந்ததும் வந்தவர்களில் ஒரு மாமி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இப்ப டி.என்.ஏ. பார்த்தா வருமா வராதா, வந்தா எப்படி முடியும் எண்டெல்லாம் முன்கூட்டியே சொல்லலாமாம். பிள்ளைக்கும் ஒருக்காப் பார்த்துட்டா எல்லாருக்கும் நிம்மதிதானே?"

யாரும் பதில் சொல்லவில்லை. உம்மா வட்டிலப்பத் தட்டை மீண்டும் ஒருமுறை எல்லோருக்கும் நீட்டினார். திரைக்குப் பின்னால் நின்ற நான் உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறேன். அந்த மாமி சொன்னதில் எது சரி, எது பிழை என்று எனக்கு ஓரளவு தெரியும். ஆனால் சம்பந்தம் பேசும் இடத்தில் பதினேழு வயதுப் பிள்ளை வாய் திறப்பது எங்கள் வீட்டு வழக்கமல்ல. அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவர் சொன்னதில் உள்ள உண்மை. புற்றுநோய்க் கட்டியின் டி.என்.ஏ.யில் உள்ள சில குறிகளைப் படித்து, நோய் திரும்பக்கூடிய வாய்ப்பு கூடுதலா குறைவா, எந்த மருந்து பலன் தரலாம் என்று சொல்ல விஞ்ஞானிகள் இருபது வருடங்களுக்கு மேலாக முயன்று வருகிறார்கள். இந்தத் துறைக்கு எபிஜெனெட்டிக்ஸ் என்று பெயர். 'எபி' என்றால் கிரேக்க மொழியில் 'மேலே'. 1942இல் கொன்றாட் வோடிங்டன் என்ற பிரித்தானிய விஞ்ஞானி இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். டி.என்.ஏ. எப்படி இருக்கும் என்றே அப்போது யாருக்கும் தெரியாது.

எனக்கு இது விளங்கியது பாடப்புத்தகத்தால் அல்ல, சிறு வயதில் மதரஸாவில் ஓதப் பழகிய ஞாபகத்தால். முஸ்ஹஃபில் எழுத்துகளுக்கு மேலே சின்னச் சின்ன நிறுத்தக் குறிகள் இருக்கும். 'மீம்' வந்தால் நிறுத்த வேண்டும். 'லாம் அலிஃப்' வந்தால் நிறுத்தக் கூடாது. எழுத்து ஒன்றுதான், எங்கே நிறுத்துவது, எங்கே தொடர்வது என்பதை மேலே உள்ள குறி சொல்கிறது. (குறி செய்யும் வேலையை மட்டுமே ஒப்பிடுகிறேன். அல்லாஹ்வின் வசனத்தை வேறெதனோடும் ஒப்பிடுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

எங்கள் உடலிலும் அப்படித்தான். கண்ணில் உள்ள கலத்துக்கும் ஈரலில் உள்ள கலத்துக்கும் டி.என்.ஏ. எழுத்து ஒன்றே. ஆனால் ஈரல் கலம் கண்ணின் வேலையைச் செய்வதில்லை. அதற்குத் தேவையில்லாத பரம்பரையலகுகள் அங்கே மௌனமாக்கப்பட்டிருக்கும். மௌனமாக்கும் வழிகளில் ஒன்று மெதைலேற்றம். ஒரு காபனும் மூன்று ஐதரசன்களும் கொண்ட மெதைல் கூட்டம், சைற்றோசின் என்ற மூலத்தின் மீது போய் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் சைற்றோசினுக்கு அடுத்ததாகக் குவானின் வரும் இடங்களில்தான் இது நடக்கும். ஒரு பரம்பரையலகின் தொடக்கப் பகுதியில் இப்படிக் குறிகள் நெருக்கமாக விழுந்தால், அந்தப் பரம்பரையலகு வாசிக்கப்படாமல் போய்விடும். எழுத்தில் ஒரு பிழையும் இல்லை; ஆனால் வாசிப்பவர் அந்த இடத்தில் நிறுத்திவிட்டார்.

தேனீயைப் பாருங்கள். இராணித் தேனீயும் வேலைக்காரத் தேனீயும் ஒரே விதமான முட்டையிலிருந்து வருபவை. குடம்பிப் பருவத்தில் கொடுக்கப்படும் உணவுதான் வேறு. 2008இல் ஒரு பரிசோதனையில், மெதைல் குறியை ஒட்டும் நொதியத்தைக் குடம்பிகளில் தடுத்தபோது, அவற்றில் பெரும்பாலானவை இராணிகளாக வளர்ந்தன. எங்கள் வகுப்பில் இதைச் சொன்னதும் பின்வரிசையில் ஒருத்தி, "அப்ப நாங்களும் சாப்பாட்டை மாத்தினா இராணியாகலாமா?" என்றாள். ஆசிரியையும் சிரித்துவிட்டார்.

சிரிப்பில்லாத விடயம், புற்றுநோய்க் கலத்தில் இந்தக் குறிகள் தாறுமாறாகிவிடுவது. சாதாரண கலத்தில் இருக்க வேண்டிய இடங்களில் குறிகள் குறைந்து போவதை 1983இலேயே அன்ட்ரூ ஃபைன்பேர்க், பேர்ட் வோகல்ஸ்டைன் ஆகிய இரு அமெரிக்க விஞ்ஞானிகள் காட்டினார்கள். இன்னொரு பக்கம், இருக்கக்கூடாத இடங்களில் குறிகள் போய் விழுகின்றன. பி.ஆர்.சி.ஏ-1 என்ற பரம்பரையலகை எடுங்கள். உடைந்த டி.என்.ஏ.யைத் திருத்த உதவுவது அது. 1990இல் மேரி-கிளயர் கிங் அது 17ஆம் நிறமூர்த்தத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தார். இதில் விகாரம் ஏற்பட்டு, அது தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ பிள்ளைக்கு வந்தால் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகவும் கூடும். 'பரம்பரைப் புற்றுநோய்' என்று ஆட்கள் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் விகாரம் எதுவும் இல்லாத பல பெண்களின் கட்டிகளிலும் பி.ஆர்.சி.ஏ-1 வேலை செய்யாமல் கிடப்பது பின்னர் தெரியவந்தது. எழுத்து சரியாகவே இருந்தது. மேலே நிறுத்தக் குறி விழுந்திருந்தது.

அந்த மாமிக்கு நான் முதலில் சொல்ல விரும்பியது இந்த வித்தியாசத்தைத்தான். விகாரம் என்பது பிறப்போடு வரலாம், பிள்ளைக்கும் போகலாம். கட்டியில் விழுந்த மெதைல் குறியோ பெரும்பாலும் அந்தப் பெண்ணின் வாழ்நாளில், அவரது மார்பக இழையத்தில் விழுந்தது. மகளை உருவாக்கிய முட்டைக் கலத்தில் அந்தக் குறி இருக்கவில்லை. போதாததற்கு, கருக்கட்டிய பின் முதல் நாட்களில் பழைய குறிகளில் பெரும் பகுதி அழிக்கப்பட்டு, புதிதாகவே எழுதப்படுகிறது. மார்பகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 5 முதல் 10 சதவீதமே பரம்பரை விகாரங்களால் வருபவை என்று கணக்கிடப்பட்டுள்ளது. தாயின் கட்டியில் என்ன குறி இருந்தது என்று பார்ப்பது மகளுக்குச் சோதனை வைப்பதாகாது.

அப்படியானால் இந்தக் குறிகளைப் படித்து என்ன பயன்? இங்கேதான் எனக்குச் சந்தோஷம் தரும் பகுதி இருக்கிறது. பிட்எக்ஸ்-2 என்று ஒரு பரம்பரையலகு. கருவில் பிள்ளை உருவாகும்போது இடது வலது பக்கங்களைத் தீர்மானிக்க உதவுவது அதன் வேலை. இதயம் சரியான பக்கத்தில் அமைவதற்கு அதற்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். மார்பகத்தோடு அதற்கென்ன தொடர்பு என்று தோன்றும். ஆனால் நிணநீர்க் கணுவுக்குப் பரவாத, ஓமோன் ஏற்பி உள்ள கட்டிக்காகத் தமொக்ஸிபென் எடுத்த பெண்களை ஐரோப்பிய ஆய்வாளர்கள் வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்தபோது, கட்டியில் இந்தப் பரம்பரையலகின் மீது குறி குறைவாக இருந்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. ஒஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகர ஆய்வாளர்கள் 2003இல் இன்னொன்றைக் காட்டினார்கள். சிகிச்சைக்கு முன் எடுத்த குருதியிலேயே, கட்டியிலிருந்து கசிந்த டி.என்.ஏ.யில் குறிப்பிட்ட இரண்டு பரம்பரையலகுகள் குறியிடப்பட்டிருந்தால் அந்த நோயாளிகளின் நிலை பின்னர் மோசமாகும் வாய்ப்புக் கூடுதலாக இருந்தது. குருதியில் பார்க்கலாமாம் என்ற கதை எங்கிருந்தோ அந்த மாமியின் காதுக்கு வந்தது என்றால், இப்படியான ஆய்வுகளிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஆய்வு செய்யப்பட்டது ஏற்கெனவே நோயுள்ள பெண்களிடம். சம்பந்தம் பேசும் வீட்டுப் பெண்ணிடம் அல்ல.

இதெல்லாம் எதற்கு என்பதை விளக்க, எபிஜெனெட்டிக் அல்லாத ஒரு பரிசோதனையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 21 பரம்பரையலகுகள் கட்டியில் எவ்வளவு வேலை செய்கின்றன என்று அளந்து ஒரு புள்ளி கொடுக்கும் முறை உண்டு. 10,000க்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2018இல் வெளிவந்தது. நடுத்தரப் புள்ளி பெற்ற பெண்களில் ஒரு பாதிக்கு ஓமோன் சிகிச்சை மட்டும். மறுபாதிக்கு அதோடு இரசாயன சிகிச்சையும். ஒன்பது வருடம் கழித்து உயிரோடிருந்தவர்கள் 93.9 சதவீதமும் 93.8 சதவீதமும். 50 வயதுக்கு உட்பட்ட சிலருக்கு இரசாயன சிகிச்சையால் கொஞ்சம் நன்மை இருந்தது. மற்றவர்கள் அதைப் பெறாமலே இருந்திருக்கலாம். பெரியும்மா இரசாயன சிகிச்சை பெற்ற நாட்களில் நான் கிழமைக்கு இரண்டு நாள் அங்கே தங்கினேன். கஞ்சி வாசம் பட்டாலே ஓங்காளிப்பார். முடி கொட்டியதைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார். வீட்டுக்குள்ளும் எந்நேரமும் முந்தானையைத் தலைக்கு இழுத்து விட்டிருப்பார். தேவையில்லாத ஒரு பெண்ணுக்கு அந்த ஆறு மாதங்கள் வேண்டாம் என்று துணிந்து சொல்ல ஒரு வைத்தியருக்கு உதவுமானால், அந்த முன்கணிப்பு பெரிய நிஃமத்.

ஆகவே முன்கணிப்புக் குறி பிறந்தது சிகிச்சையைத் தெரிவு செய்ய. தீர்ப்புச் சொல்ல அல்ல. அது ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறது, ஒருத்தியைப் பற்றி அல்ல. விளங்குவதற்காக ஓர் உதாரணம்: இப்படிக் குறியுள்ள 100 பெண்களில் 30 பேருக்கு நோய் திரும்பும் என்று ஒரு பரிசோதனை சொல்வதாக வைப்போம். உங்கள் உம்மா அந்த முப்பதில் இருப்பாரா, எழுபதில் இருப்பாரா என்பதை அது சொல்லாது. அதோடு, எந்தக் கூட்டத்தை வைத்து இந்தக் கணக்குகள் போடப்பட்டன என்றும் கேட்க வேண்டும். பெரும்பாலானவை ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்களின் கட்டிகளை வைத்துப் போடப்பட்டவை. எங்கள் பெண்களின் கட்டிகளில் பார்த்து உறுதி செய்யாமல், அந்த எண்களை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாது. உயிரியல் படிக்கும் தோழிகள் யாராவது பல்கலைக்கழகம் போய் இந்த வேலையைச் செய்தால் நான் மிகவும் சந்தோஷப்படுவேன். நானே செய்யவும் கூடும், பௌதிகவியல் என்னைக் கைவிடாவிட்டால்.

இந்தக் கட்டுரையின் முதல் வரைவைப் படித்த தோழி ஒருத்தி வேறொன்று கேட்டாள்: "முன்கூட்டிச் சொல்றது மறைவானதை அறியிறதா ஆகாதா?" நியாயமான கேள்வி. மறைவானவற்றின் ஞானம் அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது. ஆனால் மாலையில் மழை பெய்யலாம் என்று வளிமண்டலவியல் திணைக்களம் சொன்னால் நாங்கள் குடை எடுத்துச் செல்கிறோம். ஈமானுக்குப் பங்கம் வந்ததாக யாரும் நினைப்பதில்லை. முகிலைப் பார்ப்பதும் கட்டியைப் பார்ப்பதும் அடையாளத்தைப் படிப்பதுதான். நிச்சயம் என்று சொன்னால்தான் பிழை. அந்த மாமி கேட்டதோ நிச்சயத்தை. நாங்கள் கலியாணத்துக்குச் சாதகம் பார்ப்பதில்லை. அப்படியிருக்க, வராது என்று எழுதித் தந்தால்தான் நிக்காஹ் என்று டி.என்.ஏ. அறிக்கை கேட்பது, வேறு எழுத்தில் எழுதிய சாதகம் இல்லாமல் வேறென்ன?

தலசீமியாவுக்குக் கலியாணத்துக்கு முன் குருதி பார்க்கச் சொல்கிறார்களே என்று யாராவது கேட்கலாம். அது சரியான காரியம். ஆனால் அங்கே மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் இருவருக்கும் பார்க்க வேண்டும். இருவரும் காவிகளாக இருந்தால் மட்டுமே ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. ஒருவர் மட்டும் என்றால் கடும் தலசீமியா பிள்ளைக்கு வராது. கேள்வி தெளிவு, பதில் தெளிவு, வெட்கம் ஒரு பக்கத்துக்கு மட்டும் இல்லை. மார்பகப் புற்றுநோய் விடயத்தில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. குடும்பத்தில் பலருக்கு, அதுவும் இளம் வயதில், மார்பக அல்லது சூலகப் புற்றுநோய் வந்திருந்தால் மகள் வைத்தியரிடம் ஆலோசனை பெறுவது நல்லது. அந்த முடிவு அவளுடையது. அறிக்கையும் அவளுடையது. தேநீர் மேசைக்கு வர வேண்டியதல்ல.

அறிக்கை யாருடையது என்பது சம்பந்தம் பேசும் வீட்டில் மட்டும் எழும் கேள்வி அல்ல. பெரியும்மாவின் கோப்பில் 'ஈ.ஆர். பொசிட்டிவ்' என்று எழுதியிருந்தது. கொரோனா காலத்துக்குப் பின் எங்கள் உம்மும்மாவுக்கு 'பொசிட்டிவ்' என்றால் ஒரே அர்த்தம்தான். கேட்டவுடன் அழத் தொடங்கிவிட்டார். உண்மையில் அது நல்ல செய்தி. கட்டியில் ஈஸ்திரஜன் ஏற்பி இருக்கிறது, ஆகவே தமொக்ஸிபென் போன்ற மருந்துகள் பலன் தரக்கூடும் என்பதுதான் பொருள். ஆனால் அதை யாரும் பெரியும்மாவுக்கு விளக்கவில்லை. 'அவ தாங்க மாட்டா' என்று கோப்பை அலுமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டார்கள். இரண்டு மாதம் தன் நோயை மற்றவர்களின் முகத்தைப் பார்த்தே அவர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு சாதாரண சொல்லையே இப்படி மறைக்கும் வீடுகளுக்கு நாளை "நோய் திரும்பும் வாய்ப்பு இத்தனை சதவீதம்" என்ற அறிக்கை வந்தால் என்ன செய்வோம்? எல்லோருக்கும் தெரிந்து, அவருக்கு மட்டும் தெரியாமல் வைத்திருப்போம்.

இதில் நான் மிகவும் யோசித்த பகுதி வேறு. பெரியும்மா கட்டியைக் கண்டது வைத்தியசாலைக்குப் போவதற்கு ஐந்து மாதங்களுக்கு முன். மூத்த தாத்தாவின் கலியாணத் திகதி குறித்தாயிற்று. "குமர் இருக்கிற வீட்டுல இந்தக் கதை வெளிய போகக்கூடாது" என்று அவராகவே முடிவெடுத்து, கலியாணம், விருந்து எல்லாம் முடியும் வரை பேசாமல் இருந்தார். கலியாணப் புகைப்படங்களில் அவர் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். சத்திரசிகிச்சையின்போது நோய் அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருந்தது. முன்பே போயிருந்தால் போயிருக்காது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் எந்த மெதைல் குறியையும்விடப் பழைய முன்கணிப்புக் குறி ஒன்று இருக்கிறது: கட்டி எந்தக் கட்டத்தில் வைத்தியரின் கைக்கு வருகிறது என்பது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் உலகில் 23 இலட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் அதனால் மரணித்தார்கள். செல்வந்த நாடுகளில் ஐந்து வருடம் உயிர் பிழைப்போர் 90 சதவீதத்துக்கு மேல், இந்தியாவில் 66 சதவீதம் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. இந்த இடைவெளிக்குப் பெரும் காரணம் தாமதமாக வருவதும், வந்த பின் சிகிச்சை கிடைக்கத் தாமதமாவதும். இங்கே பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயங்களின் சுவநாரி கிளினிக்குகளில் 35 வயதான பெண்களை அழைத்து மார்பகத்தையும் பரிசோதிக்கிறார்கள். பரிசோதிப்பவர்களும் பெரும்பாலும் பெண்களே. 20 வயதிலிருந்து மாதம் ஒருமுறை நாங்களே பார்த்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் இந்த வசதிக்குப் போகாமல், கடல் கடந்த ஆய்வுகூடத்தில் டி.என்.ஏ. பார்க்கலாமாம் என்று பேசுவது எனக்கு விசித்திரமாகத் தெரிகிறது.

பெண்கள் ஏன் போவதில்லை? பயம் ஒன்று, வெட்கம் ஒன்று. மூன்றாவது காரணம் அந்த மாமியின் கேள்வி. தாயின் நோய் மகளின் சம்பந்தத்தைக் குழப்பும் என்ற அச்சம் இருக்கும் வரை, தாய்மார் கட்டியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே கலியாண வேலை பார்ப்பார்கள். அவரை நான் கெட்டவர் என்று சொல்லவில்லை. தன் மகனின் வாழ்க்கையைப் பற்றிக் கவலைப்பட்டார், அவ்வளவுதான். ஆனால் அவரைப் போன்ற ஆயிரம் நல்ல மனிதர்களின் ஆயிரம் மெல்லிய குரல்கள் சேர்ந்துதான் பெரியும்மாவை ஐந்து மாதம் வீட்டில் உட்கார வைத்தன.

சென்ற மாதம் உம்மா சுவநாரி கிளினிக்குக்குப் போனார். குடும்பநல உத்தியோகத்தர் இரண்டு தடவை துண்டு கொடுத்தும் போகாதவர். நானும் கூடப் போனேன். வெளியே வாங்கில் இருபது பேரளவில் இருந்தார்கள். அபாயா போட்டவர்கள் நாங்கள் மூன்று பேர். உள்ளே போய் வந்த உம்மா, "இவ்வளவுதானா?" என்றார். திரும்பி வரும்போது கடையில் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். சிறு பிள்ளையாக இருந்தபோது ஊசி போட்டுவிட்டு வரும்போதெல்லாம் வாங்கித் தந்தது போல.

சம்பந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. அவர்களிடமிருந்து மீண்டும் ஆள் வந்தபோது தாத்தா தானே முன்னால் வந்து பேசினார். டெஸ்ட் செய்ய வேண்டுமென்றால் தன் வைத்தியர் சொல்லும்போது செய்துகொள்வதாகச் சொன்னார். பிறகு மிகவும் மரியாதையாக ஒன்று கேட்டார்: "மாப்பிள்ளைட வாப்பாக்கு சீனி வருத்தம் இருக்குதாமே, அதுவும் குடும்பத்துல வாறதுதானே. அவருக்கு என்ன டெஸ்ட் எடுத்திருக்கிறீங்க?"

வந்தவர் யோசித்துவிட்டு, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனார்.